ஆட்டுத்தாடியும் குடுமியும்

ரஷ்ய மொழியில் யாரும் சொல்லித்தராமல் நானாகவே கோத்துப் பேசிய முதல் வாக்கியம் ஒரு வசவு என்பது பேசி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2001 குளிர்காலம். உக்ரைனின் பொல்டாவா நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மொழி வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து தன் குடும்பத்தைப் பற்றி ஐந்து வரி சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, அக்கா வரைக்கும் தடங்கல் இல்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றும் சொல்லிவிட்டேன். அப்புறம், "எங்கள் வீட்டுக் கட்சாப் ரொம்ப நல்லவர், வங்கியில் வேலை பார்க்கிறார்" என்றேன்.

ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். முகம் சிவந்து, பிறகு தோள் குலுங்க ஆரம்பித்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வார்த்தையை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நானே ஒரு கட்சாப்தானே, வரோனெஷ்காரி!" என்றார். வரோனெஷ் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரஷ்ய நகரம்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் விடுதி வாசலில் சாவிப் பலகைக்கு அடியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். இந்த வேலைக்கு வக்த்யோர்ஷா என்று பெயர். யார் எத்தனை மணிக்கு வந்தான், எவன் கையில் பாட்டில் இருந்தது என்பதெல்லாம் அவர் கணக்கில் இருக்கும். அவருடைய மகளை எல்லைக்கு அப்பால், கூர்ஸ்க் மாகாணத்து சுட்ஜா பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை அந்த மருமகன் பெரிய கண்ணாடி ஜாடி நிறையத் தேனோடு வருவார். பாட்டி எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கரண்டி கொடுப்பார். "எங்க கட்சாப் வந்திருக்கான், சாப்பிடுங்க பிள்ளைகளா" என்பார். மகளின் கணவனைச் சுட்டி ஒரு வார்த்தையை நான்கு முறை கேட்டால் அதற்கு என்ன பொருள் என்று நினைப்பீர்கள்? மாப்பிள்ளை என்றுதான் நானும் நினைத்தேன்.

அன்றைக்கு ஆசிரியை பலகையில் ஓர் ஆடு வரைந்தார். தாடியை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டார். கட்சாப் என்பது ரஷ்யனுக்கு உக்ரேனியர் வைத்த வசவுப்பெயர். உக்ரேனிய மொழியில் 'ட்சாப்' என்றால் கிடா. 'யாக் ட்சாப்' என்றால் கிடா மாதிரி. அதுதான் நாளடைவில் கட்சாப் ஆனது என்பது ஊரார் சொல்லும் கதை. ரஷ்யனைப் பார்த்தால் உக்ரேனியனுக்கு முதலில் தெரிந்தது தாடியாம்.

இது வெறும் கேலி என்று தள்ள முடியாது. பழைய மாஸ்கோவில் தாடி என்பது மத விஷயம். 1551இல் மாஸ்கோவில் கூடிய திருச்சபைப் பேரவை, தாடி மழிப்பதைக் கண்டித்து, மழித்துக்கொண்டு செத்தவனுக்கு இறுதிச் சடங்கு ஜெபம்கூடக் கிடையாது என்று தீர்மானம் போட்டது. கடவுள் கொடுத்த முகத்தை மாற்றுகிறவன் பாவி. அதனால் பிரபு முதல் பண்ணையாள் வரை எல்லோர் முகத்திலும் தாடி. தெற்கே உக்ரைனில், நீப்பர் நதிக்கரையில் இருந்த கசாக்குகள் என்ற போர்வீரர்களோ முகத்தை மழித்து, மீசையை மட்டும் தொங்கவிட்டவர்கள். தலையையும் மழித்து உச்சியில் ஒரே ஒரு கற்றை. அந்தக் கற்றைக்கு அவர்களே வைத்த பெயர் 'ஒசெலேதெட்ஸ்', அதாவது ஒரு வகை மீன். நெற்றியில் மீன் மாதிரித் தொங்குகிறது அல்லவா.

மாஸ்கோக்காரன் சும்மா இருப்பானா? அந்தக் கற்றைக்கு 'ஹஹோல்' என்று பெயர் வைத்தான். நம் மொழியில் சரியாகச் சொன்னால் குடுமி. பறவையின் கொண்டைக்கும் அதே வார்த்தைதான். முதலில் மயிருக்குப் பெயர், பிறகு அதை வைத்திருந்த ஆளுக்குப் பெயர், கடைசியில் குடுமியே இல்லாத ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் பெயர். இன்றைக்கும் உக்ரேனியர்களைச் சீண்ட ரஷ்யர்கள் எடுக்கும் முதல் வார்த்தை ஹஹோல்தான். இவன் அவனை ஆட்டுத்தாடி என்கிறான், அவன் இவனைக் குடுமி என்கிறான். நம்மூரில் 'குடுமிப்பிடிச் சண்டை' என்று சொல்வதை இந்த இரண்டு தேசங்கள் அகராதியிலேயே போட்டுக்கொண்டிருக்கின்றன.

1698இல் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய ஜார் பீட்டர், வரவேற்க வந்த பிரபுக்களின் தாடியைத் தன் கையாலேயே வெட்டிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1705இல் தாடிக்கு வரியே போட்டார். கட்டியவனுக்கு மூக்கும் மீசையும் தாடியும் பொறித்த செப்பு வில்லை ஒன்று ரசீதாகக் கொடுப்பார்கள். ஆனால் குடியானவனை ஊருக்குள் யாரும் கேட்கவில்லை. பட்டணத்து வாசலைத் தாண்டும்போது மட்டும் அவன் ஒரு கோபெக் கட்ட வேண்டும். அதனால் பிரபுக்கள் மழித்த பிறகும் கிராமத்தில் தாடி அப்படியே இருந்தது. உக்ரேனியக் கிராமத்தான் நேரில் பார்த்த ரஷ்யர்களும் வண்டிக்காரன், கொத்தன், மூட்டை வியாபாரி என்று பெரும்பாலும் அந்தத் தாடிக்காரர்கள்தான். கேலிக்கு ஆள் குறையவே இல்லை.

சொல்லாராய்ச்சியில் பெரிய பெயரான மாக்ஸ் வாஸ்மரும் இந்தக் கிடா விளக்கத்தின் பக்கம்தான் நின்றார். அவர் கதையே தனிக் கதை. பீட்டர்ஸ்பர்க்கில் ஜெர்மன் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் உட்கார்ந்து ரஷ்ய மொழியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பிறப்பு தேடிக்கொண்டிருந்தார். 1944 ஜனவரியில் குண்டு விழுந்து அவருடைய குறிப்புகளும் நூல்களும் எரிந்து போயின. மறுபடி ஆரம்பித்து 1950களில் அகராதியை வெளியிட்டார். தன் வாழ்நாள் உழைப்பைச் சாம்பலில் இருந்து மீட்ட ஒரு மனிதர், மழித்த முகத்துக்காரனுக்குத் தாடிக்காரன் கிடா மாதிரித் தெரிந்திருக்கும் என்று சிரத்தையாக எழுதி வைத்திருக்கிறார். அறிஞர்களை எனக்குப் பிடிக்கக் காரணம் இதுதான்.

இங்கேதான் நான் எதிர்பாராத ஒரு திருப்பம். என் அறையில் இருந்தவன் ஒரு துருக்கிப் பையன். ஒரு சனிக்கிழமை இருவரும் சந்தைக்குப் போனோம். இறைச்சி வரிசையில் ஒருவர் மரக்கட்டையில் விலா எலும்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். துருக்கிப் பையன் அவரைக் காட்டி, "இவரை எங்கள் மொழியில் கசப் என்போம். உன் வகுப்பு வார்த்தை அதுதானோ என்னவோ" என்றான். நான் அப்படியே நின்றுவிட்டேன். கசப். கசாப்பு. எங்கள் தெருமுனையில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும் கசாப்புக் கடை! அரபியில் இறைச்சி வெட்டுபவரைக் குறிக்கும் கஸ்ஸாப்தான் ஒரு பக்கம் துருக்கிக்கும் இன்னொரு பக்கம் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கும் வந்தது. தமிழும் துருக்கியும் பொல்டாவா சந்தையில் ஆட்டுத்தொடைக்கு முன்னால் கை குலுக்கிக்கொண்டன.

அவன் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் அப்படி ஒரு கட்சியே இருக்கிறது என்று பிறகு படித்தேன். கசாக்குகளின் வரலாற்றை ஊர் ஊராகச் சுற்றித் தொகுத்த திமித்ரோ யவோர்னிட்ஸ்கியின் பெயரைச் சொல்லி இந்த விளக்கத்தைத் தருகிறார்கள். கிரிமியத் தாத்தார்களோடும் துருக்கியரோடும் நூற்றாண்டுக் கணக்கில் சண்டையும் வியாபாரமும் செய்த கசாக்குகள் அவர்களிடமிருந்து இந்தச் சொல்லை எடுத்து, மாஸ்கோக்காரர்களைக் கசாப்புக்காரர்கள் என்று அழைத்தார்கள் என்பது வாதம்.

என் பங்குக்கு எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, தமிழ்ச்சொல் ஒன்று இதில் வந்து உட்கார்வது எவ்வளவு ஆசையாக இருந்தாலும். 'ச' எப்படி 'ட்ச' ஆனது என்பதற்குப் பதில் வேண்டும். அதைவிட, இந்த விளக்கம் யாருக்கு எப்போது இனிக்கிறது என்று பாருங்கள். ரத்தம் ஓடும் காலத்தில்தான் கசாப்புக்காரன் விளக்கத்தை எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். இந்தப் பகை ஆதியிலிருந்தே கொலைப்பகை, சொல்லிலேயே இருக்கிறது பார் என்று காட்ட அது வசதி. கிடாத்தாடி அந்த வேலைக்கு ஆகாது. கிடாத்தாடியை வைத்துச் சிரிக்கத்தான் முடியும்.

சிரித்தவர்களில் பெரியவர் பொல்டாவா மாகாணத்துக்காரரான நிகொலாய் கோகல். 1832இல் வந்த அவருடைய கதை ஒன்றில் ஒரு பருத்த நிலக்கிழார், ரஷ்யச் சத்திரம் ஒன்றில் படுத்தபோது காதில் கரப்பான் பூச்சி புகுந்துவிட்டதாகவும், பாழாய்ப்போன கட்சாப்கள் கரப்பானோடு சேர்த்தே முட்டைக்கோஸ் சூப்பு குடிப்பவர்கள் என்றும் புலம்புவார். கதாபாத்திரம் பேசுகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் 1833இல் நண்பர் மக்சிமோவிச்சுக்கு எழுதிய கடிதத்தில் கோகலே, அந்தக் 'கட்சாப்பியா'வை விட்டுவிட்டு நம் பக்கம் வந்து சேருங்கள் என்கிறார். கட்சாப்களின் நாடு கட்சாப்பியா! இத்தனைக்கும் அவர் எழுதியது ரஷ்ய மொழியில், புகழ் வாங்கியது ரஷ்யத் தலைநகரில். வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வதுபோல. ரஷ்யர்களும் அவரைத் தள்ளவில்லை, தங்கள் ஆள் என்றே உரிமை கொண்டாடுகிறார்கள்.

கட்சாப்புக்கு ஓர் அண்ணன் உண்டு. 'மொஸ்கால்'. இது கேலிப்பெயராகப் பிறக்கவே இல்லை. மாஸ்கோ ராஜ்ஜியத்து ஆள், அவ்வளவுதான். ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உக்ரேனியக் கிராமத்துக்கு மாஸ்கோவிலிருந்து வருகிறவன் யார்? சிப்பாய். படை முகாமில் தங்குவதில்லை, குடியானவன் வீட்டிலேயே ஜாகை. உன் அடுப்பு, உன் ரொட்டி, உன் பெண் இருக்கும் வீடு. அதனால் மொஸ்கால் என்றாலே சிப்பாய் என்று பொருள் ஆகிவிட்டது. ஹ்ரின்சென்கோ 1907 முதல் 1909 வரை வெளியிட்ட உக்ரேனிய அகராதியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது: ரஷ்யன், சிப்பாய். 'மொஸ்காலோடு நட்பாக இரு, மடியில் கல்லையும் வைத்துக்கொள்' என்பது அந்தக் காலத்துப் பழமொழி. ஒருவனை ஏமாற்றுவதற்கு 'மொஸ்காலை ஏற்றிவிடுவது' என்றே பெயர்.

உக்ரைனின் மகாகவி தாராஸ் ஷெவ்சென்கோவின் 'கத்தெரினா' காவியம் இந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறது. கருத்த புருவத்துப் பெண்களே, காதலியுங்கள், மொஸ்கால்களை மட்டும் வேண்டாம் என்ற எச்சரிக்கை. சிப்பாய் வருகிறான், பழகுகிறான், படை கிளம்புகிறது, வயிற்றில் பிள்ளையோடு பெண் தெருவில் நிற்கிறாள். உக்ரைனில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அந்த முதல் வரி மனப்பாடம். இப்போது படித்தால் தேசப்பகை மாதிரித் தெரியும். அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அது ராணுவக்காரனிடம் ஏமாறாதே என்று அத்தை சொல்கிற புத்திமதி.

இன்னொன்று. அந்தக் காவியத்தை ஷெவ்சென்கோ சமர்ப்பித்தது ஜுக்கோவ்ஸ்கி என்ற ரஷ்யக் கவிஞருக்கு. பண்ணையடிமையாகப் பிறந்த ஷெவ்சென்கோவை மீட்க 2500 ரூபிள் தேவைப்பட்டது. ஓவியர் கார்ல் பிரியுலோவ் ஜுக்கோவ்ஸ்கியின் உருவப்படத்தை வரைந்து கொடுக்க, அதைக் குலுக்கலில் விட்டுப் பணம் சேர்த்தார்கள். 1838 ஏப்ரல் 22 அன்று ஷெவ்சென்கோ சுதந்திர மனிதர் ஆனார். காவியத்தின் தலைப்பில் அந்தத் தேதியும் இருக்கிறது. மொஸ்காலை நம்பாதே என்ற கவிதை, தன்னை மீட்ட ரஷ்யருக்குக் காணிக்கை. முரண்பாடு என்று சிலர் இதைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் திட்டியது கோட்டு போட்ட சிப்பாயை, கைகூப்பியது ஒரு மனிதருக்கு.

விதி அதோடு விடவில்லை. 1847இல் ஷெவ்சென்கோவைக் கைது செய்து, சாதாரணச் சிப்பாயாக ஓரன்பர்க் பக்கம் அனுப்பினார்கள். எழுதவும் வரையவும் கூடாது என்று ஜார் முதலாம் நிக்கொலாய் தன் கையால் குறித்தார். கட்டாயமாகப் படையில் சேர்ப்பதை ஊர்ப்பேச்சில் 'மொஸ்காலாக அனுப்புவது' என்பார்கள். ஆக, மொஸ்கால் வேண்டாம் என்று பாடியவரையே பத்து வருஷம் மொஸ்கால் ஆக்கி வைத்தார்கள்.

அப்படி மொஸ்காலாகப் போய்த் திரும்பி வந்த உக்ரேனியர்கள் ஊரில் நிறைய. அவர்கள் பிள்ளைகளுக்கு மொஸ்காலென்கோ என்ற குடும்பப்பெயர் ஒட்டிக்கொண்டது, மொஸ்கால் மகன். 1953இல் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியாவைக் கைது செய்யப் போன ராணுவ அதிகாரிகளில் ஒருவர் கிரில் மொஸ்காலென்கோ, உக்ரைனில் பிறந்தவர். 2014இல் போர் நடந்துகொண்டிருந்த லுஹான்ஸ்க் மாகாணத்துக்கு உக்ரேனிய அரசு நியமித்த ஆளுநரின் பெயர் ஹென்னாதி மொஸ்கால். எதிர்த்தரப்பை மொஸ்கால் என்று திட்டும் படைக்கு ஆளுநர் மொஸ்கால்.

போலந்துக்காரர்களும் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். அவர்களுடைய தேசிய கீதத்தின் 1797 மூல வடிவத்தில் ஜெர்மானியனும் மொஸ்காலும் இங்கே குடியேற முடியாது என்று ஒரு சரணம் இருந்தது. அதிகாரபூர்வ கீதத்தில் அது இல்லை. ஆனால் அதே போலந்தின் மகாகவி ஆடம் மித்ஸ்கியேவிச், 1832இல் 'மொஸ்கால் நண்பர்களுக்கு' என்று ஒரு கவிதை எழுதினார். ஜாருக்கு எதிராகக் கிளர்ந்து தூக்கில் தொங்கிய ரஷ்யக் கவிஞர் ரிலேயெவையும் சைபீரியாவுக்குப் போன தோழர்களையும் நினைத்து உருகுகிற கவிதை. நண்பர்களே, மொஸ்கால்களே! வசவு என்று நினைத்த வார்த்தை ஒரு கவிஞன் வாயில் கட்டித் தழுவுகிறது.

இந்தச் சொற்கள் எல்லாம் மிக அருகில் வாழ்ந்தவர்களுடையவை என்று எனக்குப் படுவது இதனால்தான். தாடி மயிரை எண்ணும் தூரத்தில் நின்றவன்தான் கட்சாப் என்ற பெயரை வைத்திருக்க முடியும். ரஷ்யாவின் கூர்ஸ்க், பெல்கராத், வரோனெஷ் வட்டாரங்களில் கட்சாப் தெரு, ஹஹோல் தெரு என்று பிரிந்து கிடந்த கிராமங்கள் உண்டு. 'நாங்கள் கட்சாப்கள்' என்று தங்களையே அப்படிச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் ஆசிரியை சொன்னதும் அந்தத் தொனியில்தான்.

நகைச்சுவைத் துணுக்குகளும் அப்படியே. விடுதிக்கு முதலில் வந்த துணுக்கு இது. "சம்பந்தி, நம்ம பீரை மொஸ்கால்கள் எப்படிச் சொல்றாங்க தெரியுமா?" "எப்படி?" "பீவோ!" "அடப் பாவிகளா, அத்தனை பேரையும் கொன்னு போடணும்!" உக்ரேனிய உச்சரிப்பில் அது 'பிவோ'. ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம், அதற்குக் கொலைவெறி. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொன்னவனை முறைத்த எவருக்கும் இது புரியும். இன்னொன்று: "அப்பா! மொஸ்கால்கள் விண்வெளிக்குப் போயிட்டாங்க!" "எல்லாருமா?" "இல்லைப்பா, ஒருத்தன்." "அப்புறம் ஏன்டா என்னை எழுப்பினே?" இதை எனக்குச் சொன்னது வக்த்யோர்ஷா பாட்டி. கூட உட்கார்ந்து சிரித்தவர் தேன் ஜாடிக்காரர்.

டொனெட்ஸ்க் பக்கம் வுஹ்லேஹிர்ஸ்க் என்று ஒரு சுரங்க ஊர். 1958 வரை அதன் பெயர் ஹட்சாப்பெத்திவ்கா. ஒலியைப் பாருங்கள், குடுமியும் கிடாவும் ஒரே வண்டியில் ஏறிய மாதிரி. 'அவன் ஏதோ ஹட்சாப்பெத்தொவ்காவிலிருந்து வந்தவன்' என்று ரஷ்யர்கள் சொன்னால் பட்டிக்காடு என்று பொருள். 2015 பிப்ரவரியில் அந்தப் பட்டிக்காட்டுப் பெயருக்குரிய ஊரில் வீட்டுக்கு வீடு சண்டை நடந்து, ஊர் உக்ரேனியர் கையை விட்டுப் போனது.

ரஷ்யருக்குப் பட்டப்பெயர் வைத்த இன்னோர் அண்டை நாடு பின்லாந்து. அங்கே சொல் 'ருஸ்ஸா'. ஸ்வீடிஷ் மொழியின் 'ருஸ்' என்பதிலிருந்து வந்தது. ஸ்வீடிஷில் அது இன்றைக்கும் ரஷ்யன் என்று மட்டுமே பொருள்படும் சாதாரணச் சொல், பின்னிஷிலோ வாயில் வரக்கூடாத சொல். அந்த நாட்டில் இரண்டும் ஆட்சிமொழிகள்! 1918 உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான் பின்னிஷ் சொல்லில் விஷம் ஏறியது. 'ருஸ்ஸாவை வெண்ணெயில் வறுத்தாலும் ருஸ்ஸாதான்' என்று பழமொழி. ஒரு வேலையைச் சொதப்புவதற்கு அதிலிருந்து ஒரு வினைச்சொல்லே வந்துவிட்டது. பெரிய வேடிக்கை, முதுகில் மூட்டை சுமந்து கிராமம் கிராமமாகத் துணி விற்ற கரேலியர்களையும் 'மூட்டை ருஸ்ஸா' என்றார்கள். அவர்கள் பேசியது ரஷ்ய மொழியே இல்லை, பின்னிஷுக்குச் சகோதர மொழி. கும்பிட்ட கோயில்தான் வேறு. வசவுக்கு எப்போதுமே குறி தப்பும்.

சரி, இரண்டு பக்கமும் திட்டிக்கொள்கிறார்கள், இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். நான் அங்கிருந்த ஆறு வருஷமும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இல்லை. ஹஹோல் என்றவன் கையில் அரசாங்கம் இருந்தது. 1876இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியின் எம்ஸ் ஊரில் குளியல் ஓய்வில் இருந்தபோது கையெழுத்திட்ட ஆணை, உக்ரேனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதையே கிட்டத்தட்ட முழுசாகத் தடுத்தது. கட்சாப் என்று சொன்னவன் எந்த மொழியையும் தடை செய்யும் இடத்தில் இருக்கவில்லை. எஜமான் வைக்கும் பெயரும் வேலையாள் முதுகுக்குப் பின்னால் வைக்கும் பெயரும் ஒரே எடை ஆகாது.

அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடவும் என்னால் முடியவில்லை. 2013 நவம்பர், டிசம்பரில் கீவ் சதுக்கத்தில் அரசை எதிர்த்துக் கூடிய இளைஞர்கள் குளிருக்குக் குதித்துக்கொண்டே 'குதிக்காதவன் மொஸ்கால்' என்று கத்தினார்கள். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் ரஷ்யன் பேசுகிறவர்கள், அவர்களும் குதித்தார்கள். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு முழக்கமும் கேட்டது. மொஸ்காலை மரக்கிளையில் ஏற்று என்று. எதுகை நன்றாக இருந்தது. கிளையில் கயிறும் இருந்தது. ரஷ்யத் தொலைக்காட்சி இரண்டையும் ஒட்டி, வெட்டி, ஓயாமல் காட்டியது.

அப்புறம் வந்தவை வேறு ரகம். 'வாத்னிக்' என்றால் பஞ்சு தைத்த மேல்கோட்டு. சோவியத் சிப்பாயும் கைதியும் போட்டது. 2011இல் அந்தக் கோட்டுக்கே கண்ணும் சிவந்த மூக்கும் வைத்து, அரசு சொல்வதையெல்லாம் தலையாட்டி நம்பும் ரஷ்யனாக ஒருவர் படம் வரைந்தார். வரைந்தவரும் ரஷ்யர்தான். பிறகு 'கொலராத்'. ஆரஞ்சும் கறுப்புமாகக் கோடு போட்ட செயின்ட் ஜார்ஜ் ரிப்பனைச் சட்டையில் குத்திய ரஷ்ய ஆதரவாளர்களுக்கு, உருளைக்கிழங்கு இலையைத் தின்னும் கொலராடோ வண்டின் பெயர். அந்த ரிப்பனையே 2017இல் உக்ரைன் சட்டம் போட்டுத் தடுத்தது. 2022 பிப்ரவரிக்குப் பின் 'ஓர்க்'. மாயக்கதைகளில் கூட்டமாக வந்து கூட்டமாகச் சாகும் அரக்கப்படை. ரஷ்யாவையும் பாசிசத்தையும் பிசைந்து செய்த 'ரஷிஸம்' என்ற சொல்லுக்கு 2023 மே மாதம் உக்ரேனிய நாடாளுமன்றமே தீர்மானத்தில் வரையறை கொடுத்தது. ரஷ்யா என்ற பெயரைச் சிறிய எழுத்தில் தொடங்குவது இதழ்களில் வழக்கமானது. பெரிய எழுத்தே இல்லாத தமிழில் இந்தக் கோபத்தை எப்படிக் காட்டுவது என்று யோசித்துப் பார்த்தேன், வழியே இல்லை.

கோட்டு, வண்டு, அரக்கன். இவற்றில் எதற்காவது முகம் இருக்கிறதா? கிடாவுக்குக்கூடத் தாடி வைத்த ஒரு முகம் இருந்தது. குண்டு விழும் வீட்டில் இருப்பவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தலைக்கு மேல் ட்ரோன் சுற்றும்போது கீழே வருகிறவனின் தாடியை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? கட்சாப், மொஸ்கால் இரண்டும் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றன, முன்பைவிட அதிகமாகவே. சொல்லும்போது சிரிப்பதில்லை, அதுதான் மாற்றம்.

என்னோடு படித்த உள்ளூர் நண்பன் ஒருவன் பொல்டாவாவிலேயே மருத்துவராக இருக்கிறான். வக்த்யோர்ஷா பாட்டிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. ரத்த அழுத்தம் பார்க்க அவனிடம்தான் வருவார். 2024 ஆகஸ்ட் 6 அன்று உக்ரேனியப் படை எல்லையைத் தாண்டி சுட்ஜாவுக்குள் போனது. பாட்டியின் சொந்த நாட்டுப் படை, பாட்டியின் மகள் வீட்டுப் பக்கம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 3 அன்று ரஷ்ய ஏவுகணைகள் பொல்டாவாவின் ராணுவத் தகவல்தொடர்பு நிறுவனத்தில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மகள் குடும்பம் எப்படியோ கூர்ஸ்க் நகரத்துக்குப் போய்விட்டது என்று சேதி வர மூன்று வாரம் ஆயிற்று.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் பாட்டியின் வீட்டிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டான். பாட்டிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வங்கிக் கட்சாப் என்று நண்பன் எடுத்துக் கொடுத்த பிறகு தெரிந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "அந்த வார்த்தை வேண்டாம் தம்பி" என்றார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். "ஸ்யாத் நேத்து கூப்பிட்டான். ரெண்டு நிமிஷம் பேசினான். தேன்பெட்டியெல்லாம் அங்கேயே விட்டுட்டு வந்துட்டானாம்."

ஸ்யாத் என்றால் மாப்பிள்ளை. உக்ரேனியத்திலும் ரஷ்ய மொழியிலும் அதே சொல்தான்.